சிறு மானியங்களில் எது உங்கள் வேலைக்கு ஒத்துவரும்?

வளாகத் தோட்டம், மிதிவண்டி பழுதுபார்க்கும் மேடை, பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. இந்த மாதிரி வேலைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் சிறு மானியம் தேடுகிறவர்கள் முதலில் தொகையைப் பார்க்கிறார்கள், அடுத்துக் கடைசித் தேதியை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியவை வேறு. பணம் யார் கையில் வரும்? எந்த மாதம் வரும்? வேலை முடிந்தபின் பொருளுக்கு யார் பொறுப்பு? பெரிய தொகைகூட உங்கள் வேலைக்கு ஒவ்வாத வழியில் வந்தால் பாதியில் நின்றுவிடும். ஆகவே இங்கே நான்கு வகை நிதிகளையும் பணம் வரும் வழியை வைத்தே ஒப்பிடுகிறோம்: துறை அல்லது மைய மானியம், மாணவர் கட்டணத்தில் திரளும் நிதி, சுழல் நிதி, வெளி அறக்கட்டளை நிதி.

துறை மானியம்: விண்ணப்பம் சுலபம், செலவழிப்பது கஷ்டம்

டீன் அலுவலகம், சமூகத் தொடர்பு மையம், சுற்றுச்சூழல் அலுவலகம் போன்றவை தருவது இது. விண்ணப்பம் இரண்டு, மூன்று பக்கம். முடிவெடுப்பவர்கள் நாலைந்து பேர். சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேட்கலாம். ஒரு வாரத்தில் வரைவைக் காட்டிக் கருத்து வாங்கிவிடவும் முடியும். மற்ற மூன்றிலும் இந்த வசதி அபூர்வம்.

ஆனால் ‘மானியம் கிடைத்தது’ என்ற கடிதம் வந்தாலும் பணம் பல்கலைக்கழகக் கணக்கிலேயே இருக்கும். அதை வெளியே கொண்டுவர இரண்டு பாதைகள். ஒன்று, கொள்முதல் பிரிவு வழியாக வாங்குவது. கடைக்காரர் பதிவு பெற்ற விற்பனையாளராக இருக்க வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் போனால் மூன்று விலைப்புள்ளி வேண்டும். பதிவில் இல்லாத சின்ன நாற்றங்கால்காரரிடமோ, வங்கிக் கணக்கே இல்லாத குடியிருப்போர் குழுவிடமோ இந்த வழியில் பணம் போய்ச் சேராது. புதிய விற்பனையாளரைப் பதிவுசெய்யவே சில வாரங்கள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முதலில் உங்கள் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பில்லைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது. வேகமான பாதைதான். ஆனால் இரண்டு மாதம் கைக்காசு முடங்கினாலும் சமாளிக்கக்கூடியவர்கள் மட்டுமே இதில் நடக்க முடியும். இதை யாரும் விதிமுறையில் எழுதுவதில்லை, விளைவு மட்டும் விதி போலவே இருக்கிறது. பில் திரும்பி வரும் காரணங்களும் கணக்குப் பிரிவில் மாறுவதே இல்லை: மானியக் கடிதத்தின் தேதிக்கு முன்பே வாங்கிய பொருள், பொருள்வாரியாக விவரம் இல்லாத வெறும் கார்டு சீட்டு, சொந்தச் சாமானும் திட்டச் சாமானும் கலந்த ஒரே பில், வேறொருவர் பெயரில் இருக்கும் பில். கடையில் நிற்கும்போதே பில்லை இரண்டாகப் போடச் சொல்வது ஒரு நிமிட வேலை. பிறகு சரிசெய்ய ஒரு மாதம் ஆகும்.

கைக்காசு இல்லாதவர்கள் விண்ணப்பத்திலேயே முன்பணம் கேளுங்கள், அல்லது துறையின் கொள்முதல் அட்டையில் யார் வாங்கித் தருவார் என்று பெயர் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் வந்தபின் கேட்டால் பெரும்பாலும் ‘விதியில் இடமில்லை’ என்ற பதில்தான் வரும்.

மாணவர் கட்டண நிதி: தொகை பெரிது, வாசல் குறுகல்

மாணவர்களே வாக்களித்துத் தங்கள் கட்டணத்தில் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொண்டு உருவாக்கும் நிதி இது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் 2006-லும் பெர்க்லி வளாகத்தில் 2007-லும் இப்படி வாக்கெடுப்பு நடந்தது. பெர்க்லியில் அப்போது ஒரு மாணவருக்கு ஒரு பருவத்துக்கு 5 டாலர். தலைக்கு இவ்வளவுதான் என்றாலும் ஆயிரக்கணக்கானோர் சேரும்போது துறை மானியத்தைவிடப் பெரிய தொகைகளைக் கொடுக்க முடிகிறது. பலவற்றில் மாணவர் ஊதியத்துக்கும் இடமுண்டு. ஊதியம் போட்டால் அதன் மேல் ஏறும், வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய காப்பீடு போன்ற பங்களிப்பையும் சேர்த்துப் போடுங்கள். பட்ஜெட் அடிக்கடி உதைப்பது இந்த வரியில்தான்.

முடிவெடுக்கும் குழுவில் மாணவர்கள் பெரும்பான்மை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘இதனால் எத்தனை மாணவர்களுக்குப் பயன்?’ கட்டணம் கட்டியவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் வளாகத்துக்கு வெளியே நடக்கும் சமூக வேலைக்கு இதே கேள்விதான் சுவர். அதைத் தாண்ட, எத்தனை மாணவர்கள் வேலை செய்வார்கள், என்ன கற்பார்கள், எத்தனை மணி நேரம் என்று எண்களில் எழுத வேண்டும். ஊருக்கு நன்மை என்று மட்டும் எழுதினால் போதாது.

குழு ஆண்டுதோறும் மாறுவது இன்னொரு சிக்கல். போன ஆண்டுக் குழு ‘அடுத்த கட்டத்துக்கும் தருகிறோம்’ என்று வாய்மொழியாகச் சொன்னது புதிய குழுவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கட்டுப்படுத்தாது. கூட்டக் குறிப்பில் ஏறாத வாக்குறுதியை நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

இந்த நிதிக்குப் போகும் வளாகத் தோட்டத் திட்டம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் உயரத்தில் 10 மேட்டுப் பாத்திகள். ஒரு பாத்திக்கு 0.86 கனமீட்டர் மண், பத்துக்கும் 8.6. புது மண் கலவை முதல் பருவத்திலேயே அமுங்கிவிடும் என்பதால் 10 கனமீட்டர் ஆர்டர் செய்ய வேண்டும். அது ஈரத்தோடு பத்து டன்னுக்குக் குறையாது. லாரி எந்த வாசலில் நுழையும், எந்தத் தளத்தில் கொட்டும், அதன் கீழே குழாய் ஓடுகிறதா? பராமரிப்புப் பிரிவு கேட்பது இதைத்தான், விண்ணப்பத்தில் இல்லாமல் போவதும் இதுதான். தண்ணீர்: மொத்தப் பரப்பு ஏறக்குறைய 29 சதுர மீட்டர், வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் ஆழம் பாய்ச்சினால் 720 லிட்டர். குழாய் எத்தனை மீட்டர் தூரத்தில், தண்ணீர் மீட்டர் எந்தத் துறையின் பெயரில், விடுமுறை எட்டு வாரமும் யார் ஊற்றுவார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு விடையோடு பராமரிப்புப் பிரிவின் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் இணைத்திருந்தால், விண்ணப்பத்தின் மற்ற பக்கங்கள் சுமாராக இருந்தாலும் தேறிவிடும். கடிதம் இல்லாமல் தேறினால் நிலைமை மோசம்: பணம் இருக்கும், இடம் இருக்காது, நிதியாண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

சுழல் நிதி: இது கடன் என்பதை மறக்காதீர்கள்

மிச்சமாகும் மின்சாரம், தண்ணீர்ச் செலவிலிருந்து பணத்தைத் திருப்பிக் கட்டும் ஏற்பாடு. ஹார்வர்டில் 2001-ல் 30 லட்சம் டாலரோடு இப்படியொரு நிதி தொடங்கப்பட்டு, பிறகு 1.2 கோடி டாலராக வளர்ந்தது. திரும்பி வரும் பணம் அடுத்த திட்டத்துக்குப் போகும் என்பதால் நிதி வற்றுவதில்லை.

கணக்கு எளிது. பழைய குழல் விளக்கு சோக்கோடு சேர்த்து 45 வாட் இழுக்கிறது, மாற்று எல்இடி 18 வாட் என்று வைத்துக்கொண்டால் விளக்குக்கு 27 வாட் மிச்சம். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் எரிந்தால் 67.5 யூனிட், 200 விளக்குக்கு 13,500 யூனிட். மொத்தச் செலவை இந்த 13,500 யூனிட்டுக்கான ஓராண்டு மின்கட்டணத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று வரும்.

தவறு எங்கே நடக்கிறதென்றால், அந்த 2,500-ல். நூலகத்து வாசிப்பு அறைக்கு அது சரி, கருத்தரங்கக் கூடத்துக்கு 1,200-தான் இருக்கலாம். அப்போது திரும்பும் காலம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு வாரம் அளந்து பதிவு செய்யுங்கள். மாற்றியபின் ‘முன்பு எவ்வளவு’ என்று அளக்க வழியில்லை. இன்னொரு முடிச்சு: கடன் வாங்கும் துறை ஒன்று, மின்கட்டணம் கட்டும் பிரிவு வேறொன்று என்றால், மிச்சம் ஒருவருக்கு, தவணை இன்னொருவருக்கு. நிதிப் பிரிவு இதை எழுத்தில் தீர்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சமூக வேலைக்கு இந்த நிதி பொருந்தாது. மாலை வகுப்பில் மிச்சமாகும் யூனிட் எதுவும் இல்லை.

வெளி அறக்கட்டளை நிதி: கை நிறைய, துணை குறைவு

புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ் என்ற அமெரிக்க மாணவர் மானியம் இதற்கு நல்ல உதாரணம். கேத்ரின் டேவிஸ் என்ற கொடையாளர் தம் நூறாவது பிறந்தநாளை ஒட்டி 2007-ல் தொடங்கி வைத்தது. தேர்வாகும் மாணவர் திட்டம் ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர், வேலை பெரும்பாலும் கோடை விடுமுறையில். வளாகத்தைத் தாண்டி, நாட்டைத் தாண்டிக்கூடச் செலவழிக்கலாம் என்பது இவ்வகையின் பெரிய பலம். மற்ற மூன்றும் இதைச் சுலபமாக அனுமதிப்பதில்லை.

பணம் பல்கலைக்கழகக் கணக்கின் வழியே வந்தால் முதலில் கேட்க வேண்டியது மேல்செலவுப் பங்கு, அதாவது நிர்வாகச் செலவுக்கென்று பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ளும் பகுதி. உள் மானியங்களில் பெரும்பாலும் அது பிடிக்கப்படுவதில்லை. வெளிப் பணத்தில் பிடிக்க முயல்வார்கள், அறக்கட்டளையோ தர மாட்டோம் என்றிருக்கும். இதை நீங்கள் தீர்க்க முடியாது, இரு தரப்பு அலுவலகங்களையும் பேச வைக்கத்தான் முடியும். அதற்கும் வாரங்கள் ஆகும். பணம் நேராக மாணவர் கணக்குக்கு வந்தால் வேறு தலைவலி: பல நாடுகளில் அது வருமானமாகக் கணக்கிடப்படலாம், கல்வி உதவித்தொகையில் கழிக்கவும் படலாம். உதவித்தொகைப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வேறு நாணயத்தில் செலவென்றால் மாற்று விகிதத்துக்கும் வங்கிக் கட்டணத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கோடை முடிந்ததும் மாணவர் கிளம்பிவிடுவார் என்பதே இதன் பெரிய பலவீனம். உதாரணமாக, ஊரில் வைத்துவிட்டு வந்த தண்ணீர்ப் பம்பு பழுதானால் உதிரிபாகம் யார் வாங்குவார் என்று உள்ளூர்க் குழுவோடு எழுதிக்கொள்ளாத திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நடுவர்களை எங்களுக்குப் பிடிக்காது. கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எதற்கு எது

பொருள் குறைவாக, ஆள் உழைப்பு அதிகமாக உள்ள மாலை வகுப்பு, கருவி இரவல் நிலையம் போன்றவற்றுக்குத் துறை மானியம். வளாகத்தில் நிரந்தரமாக நிற்கும் எதற்கும் மாணவர் கட்டண நிதி. அளந்து காட்டக்கூடிய மிச்சம் இருந்தால் சுழல் நிதி. வளாகத்துக்கு வெளியே, ஊரார் கையில் விட்டுவர வேண்டிய வேலைக்கு வெளி நிதி. மக்களிடம் நேரடியாகத் திரட்டும் தொகைக்குச் சமமாகப் பல்கலைக்கழகம் போடும் ஏற்பாடும் உண்டு. ஏற்கெனவே பெரிய நண்பர் வட்டம் உள்ள குழுவுக்கு நன்று. புதிய குழு அதில் இறங்கினால் வேலை செய்ய வேண்டிய மாதத்தைப் பணம் கேட்பதிலேயே கழிக்கும்.

இரண்டு நிதிகளைச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் பட்ஜெட்டின் ஒரு வரிக்கு ஒரே நிதிதான். பட்ஜெட் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எந்த நிதி என்று தனி நெடுவரிசை போட்டு, இரண்டு விண்ணப்பத்திலும் அதே தாளை இணையுங்கள். ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டுவது தணிக்கையில் மாட்டும், தெரியாமல் செய்தாலும்.

எந்த நிதியிலும் சமூகக் கூட்டாளிக்கு ஊதியம் போடுங்கள். மாணவருக்கு மணிக்கூலி, ஊர்க்காரருக்கு நன்றி மட்டும் என்றிருக்கும் பட்ஜெட் பார்த்தவுடனே கண்ணை உறுத்துகிறது. அவர்களுக்குத் தொகை கொடுக்க வரிப் படிவமும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பரிசு அட்டை கொடுத்தால் அதைக் கணக்குப் பிரிவு ரொக்கமாகவே பார்க்கும். பெற்றவர் கையெழுத்திட்ட பட்டியல் வேண்டும். அவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, முடிவை வெளியிடும் எண்ணம் இருந்தால் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் முதல் தாளைக் கொடுக்கும் முன்பே வர வேண்டும். சேகரித்தபின் வாங்க முடியாது.

கடைசியாகத் தேதி. விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் ரூபாயோ டாலரோ செலவாகும் நாள் வரை மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு, விதைக்கும் காலத்திலிருந்தோ வகுப்புத் தொடங்கும் நாளிலிருந்தோ பின்னோக்கி எண்ணுங்கள். நிதியாண்டு முடிந்ததும் செலவாகாத பணம் பெரும்பாலும் நிதிக்கே திரும்பிவிடும். நீட்டிப்புக் கேட்பதானால் முடிவுக்கு ஒரு மாதம் முன்பே, இதுவரை என்ன வாங்கியாயிற்று, என்ன பாக்கி, எந்தத் தேதிக்குள் முடியும் என்று மூன்று வரியில் எழுதிக் கேளுங்கள்.