ஒரு கிட்டார், இரண்டு குரல்: ஹார்மனைசரா, ஆக்டேவா, வாமியா, மல்டி எஃபெக்டா?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கப் போகிற குழுக்களில் இரண்டு கிட்டார் வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. கீபோர்டு, பேஸ், ரிதம் பேட், ஒரு லீட் கிட்டார். வேனிலும் அவ்வளவுதான் இடம், சம்பளக் கணக்கிலும் அவ்வளவுதான். ஆனால் பாட்டின் நடுவில் இரண்டு கிட்டார் சேர்ந்து ஓடுகிற பிட் வந்தால், மேடைக்கு முன்னால் நிற்கிற பையன்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அதனால் "அண்ணே, ஹார்மனைசர் வாங்கலாமா?" என்று கேட்காத கிட்டார் தம்பி இல்லை. ஹார்மனைசர் என்றால், நீங்கள் அடிக்கிற சுரத்தோடு ஒத்துப்போகிற இன்னொரு சுரத்தைச் சேர்த்துக் கொடுக்கிற பெடல்.

வாங்கலாம். ஆனால் எந்தப் பெட்டி என்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: நீங்கள் வாசிக்கிற பாட்டு எந்த ராகத்தில் நிற்கிறது, உங்கள் ஆம்பில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) எந்த இடத்தில் வருகிறது. இது தெரியாமல் யார் வீடியோவையாவது பார்த்து வாங்கினால், பெடல் பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

முதலில் ஹார்மனைசர் என்று எல்லோரும் மனசில் வைத்திருக்கிற ரகம். பாஸ் பிஎஸ்-6, டிசி எலக்ட்ரானிக் குவின்டசன்ஸ் போன்றவை. 1970களின் நடுவில் வந்த ஈவன்டைட் எச்910 ரேக் பெட்டி சுருதியை ஏற்றி இறக்கும், அவ்வளவுதான், ஸ்கேல், அதாவது சுர வரிசை, என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. இன்றைய பெடல்களுக்கு ஸ்கேல் தெரியும். சி மேஜர் என்று வைத்து தேர்ட் (அடித்த சுரத்தையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது சுரம்) கேட்டால், நீங்கள் சி அடிக்கும்போது நாலு அரைச்சுரம் தள்ளி ஈ கொடுக்கும், டி அடிக்கும்போது மூன்றே அரைச்சுரம் தள்ளி எஃப் கொடுக்கும். நீங்கள் எதை அடித்தீர்கள் என்று கண்டுபிடித்து, அதற்குரிய ஜோடியைத் தேடிப் போடுகிறது. இதில்தான் அதன் பலமும் இருக்கிறது, தலைவலியும் இருக்கிறது.

கண்டுபிடிக்க அதற்கு ஒற்றைச் சுரம் வேண்டும். இரண்டு தந்தி சேர்ந்து ஒலித்தால், ஏன், முந்தைய சுரம் கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூட, வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நேரமும் வேண்டும். கீழ் ஈ தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலை முடியவே 12 மில்லிசெகண்ட் ஆகிவிடும், ஒரு அலையாவது பார்க்காமல் பெட்டியால் எதையும் சொல்ல முடியாது. மேல் ஈ தந்தி 330 ஹெர்ட்ஸ், அங்கே 3 மில்லிசெகண்டில் ஒரு அலை. அதனால் ஹார்மனி பிட்டுகளை முதல் மூன்று தந்திக்குள் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். வலது உள்ளங்கையால் மற்ற தந்திகளை அமுக்கிப் பழகுவது மீதிப் பாதி.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் சுருதி. நம் ஊர் மேடையில் பாட வருகிறவர் மைக்கைப் பிடித்துவிட்டு, "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கோங்க" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். நீங்கள் இருட்டில் குனிந்து, குட்டிக் குமிழை எஃப்-இலிருந்து ஈ-க்குத் திருப்ப வேண்டும், அதுவும் சரியாக ஒரே ஒரு இடம். கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டாலும் கிட்டாரையே இறக்கிச் சுருதி சேர்த்தாலும் கணக்கு மாறாது: விரல் எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்பது பெடலுக்குத் தெரியாது, காதில் கேட்கிற சுருதிதான் தெரியும், குமிழும் அங்கேதான் நிற்க வேண்டும்.

ராகத்துக்கு வருவோம், இதுதான் பெரிய விஷயம். மேஜர் என்றால் சங்கராபரணம், இயல்பான மைனர் என்றால் நடபைரவி, இரண்டும் நேராக வேலை செய்யும். கிரக பேதம் (அதே சுரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக வைப்பது) தெரிந்தவருக்கு இன்னும் சில கதவு திறக்கும். டி-யை ஷட்ஜமாக வைத்துக் கரகரப்பிரியா வாசிக்கிறீர்களா, பெடலை சி மேஜரில் வையுங்கள். ஜி-யில் ஹரிகாம்போதியா, அதுவும் சி மேஜர். எஃப்-இல் கல்யாணி, அதுவும் அதே சி மேஜர்தான். ஏழு சுரமும் ஒன்று, தொடங்குகிற இடம்தான் வேறு. ஆனால் கீரவாணி இந்த வழியில் சிக்காது. ஏ மைனரில் வைத்துக்கொண்டு பஞ்சமத்துக்கு மேலே தேர்ட் கேட்டால் பெடல் கைசிகி நிஷாதத்தைக் கொடுக்கும், உங்களுக்கு வேண்டியது அதற்கு அரைச்சுரம் மேலே இருக்கிற காகலி. சோகப் பாட்டின் உச்சியில் இது வந்து நின்றால், கிட்டாரே தெரியாதவர்கூட முகத்தைச் சுளிப்பார். மேஜர், மைனர் இரண்டு மட்டும் இருக்கிற பெடலில் மாயாமாளவகௌளையை நினைக்கவே வேண்டாம்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது, இன்னொரு மோதல். நி-யிலிருந்து ச-வுக்கு அரைச்சுரம் இழுக்கிறீர்கள் என்றால், அதன் தேர்ட் ரி-யிலிருந்து க-வுக்கு முழுச்சுரம் போயாக வேண்டும். எந்த இடத்தில் தாவுவது என்று பெட்டியே முடிவெடுக்கும். நீங்கள் வழுக்கிக்கொண்டு போவீர்கள், அது படியேறும். நேராகத் தட்டி வாசிக்கிற மேற்கத்திய ராக் பிட்டுக்கு இது பெரிதாகத் தெரியாது, அசைத்து வாசிக்கிற மெலடிக்குத் தெரியும்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஆக்டேவ் பெடல், எலக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் மைக்ரோ பாக் போன்றது. மூன்றே குமிழ்: அசல் ஒலி, கீழ் ஆக்டேவ், மேல் ஆக்டேவ். கட்டை எதுவானாலும் ராகம் எதுவானாலும் கவலை கிடையாது, ச-வுக்கு ஜோடி இன்னொரு ச தானே. கார்ட் அடித்தாலும் குழம்பாது. கமகத்தை அப்படியே நிழல் மாதிரி தொடரும். இரண்டு கிட்டார் ஹார்மனி போடுகிற அந்தத் தித்திப்பு இதில் கிடைக்காது, உண்மைதான், ஆனால் ஒற்றை கிட்டார் தடிமனாகி மேடையை நிரப்பும். பேஸ் வாசிக்க ஆள் வராத நாளில் கீழ் ஆக்டேவைத் திறந்து ஒப்பேற்றலாம் என்பது கொசுறு. மேல் ஆக்டேவை மட்டும் கொஞ்சம் கலந்தால் ஆர்கன் வாடை வரும், கோவில்களில் கீர்த்தனை வாசிக்கிற தம்பிகளுக்கு அது பிடித்துப்போகும்.

நடுவில் நிற்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: டிஜிடெக் வாமி. 1989-இல் வந்த வடிவம், காலால் அழுத்தும் பலகையோடு. இதை எல்லோரும் "ஊய்ங்" என்று சத்தம் ஏற்றுவதற்குத்தான் வாங்குகிறார்கள், அதன் ஹார்மனி பக்கத்தைத் தொடுவதே இல்லை. அதன் குமிழின் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இடைவெளி இருக்கும், குதிகால் பக்கம் ஒன்று, விரல் பக்கம் ஒன்று. மைனர் தேர்டும் (மூன்று அரைச்சுரம்) மேஜர் தேர்டும் (நாலு அரைச்சுரம்) ஜோடியாக இருக்கிற இடத்தில் வைத்தால், எந்தச் சுரத்துக்கு எது என்பதை உங்கள் கால் முடிவு செய்யும். பெட்டிக்கு ஸ்கேல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இதை மோகனத்தில் வைத்துப் பாருங்கள். ச ரி க ப த. சங்கராபரணத்தில் வைத்த ஹார்மனைசர் இங்கே ரி-க்கு ம கொடுக்கும், ப-வுக்கு நி கொடுக்கும். ராகத்தில் இல்லாத இரண்டு சுரம் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும், மோகனம் மோகனமாக இருக்காது. ராகத்துக்குள்ளேயே ஒரு சுரம் விட்டு அடுத்த சுரத்தை ஜோடியாகப் பிடித்தால் என்ன வருகிறது? ச-வுக்கு க, ரி-க்கு ப, க-வுக்கு த, ப-வுக்கு மேல் ச, த-வுக்கு மேல் ரி. கணக்குப் போட்டால், ச-வைத் தவிர மற்ற நாலும் சரியாக ஃபோர்த், அதாவது ஐந்து அரைச்சுர இடைவெளி! ச மட்டும் மேஜர் தேர்ட். வாமியில் தேர்டும் ஃபோர்த்தும் ஜோடியாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. விரலால் அழுத்தியபடியே வாசித்துக்கொண்டு போய், ச வருகிறபோது மட்டும் குதிகாலுக்குச் சாயுங்கள். ஷட்ஜத்தில் பாதத்தைச் சாய்க்கப் பழக்கம் வேண்டும், வேகமான பிட்டில் கால் தடுமாறும். மெதுவான பாட்டில் இதைக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத்தான் நினைப்பார்கள். இடைவெளி மாறாததால் கமகமும் உடையாமல் வரும்.

மூயர் பிட்ச் பாக்ஸ் மாதிரியான சிறிய பெடல்கள் இந்த மாறா இடைவெளி ரகம்தான், காலால் மாற்ற மட்டும் முடியாது. மோகனம் ஒன்றுக்காக ஃபோர்த்தில் வைத்து, ச வருகிற இடத்தில் அணைத்துவிடுகிற ஆளுக்கு அது போதும்.

நாலாவது, மல்டி எஃபெக்ட், பல எஃபெக்ட் ஒரே பெட்டியில். தனி ஹார்மனைசர் விலைக்குப் பக்கத்திலேயே தொடக்கநிலை மல்டி எஃபெக்ட் ஒன்று கிடைத்துவிடும் என்பதால் பலர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள், தப்பில்லை. பாஸ் ஜிடி-1 போன்றவற்றில் ஹார்மனிஸ்ட் என்கிற ஹார்மனைசர் உள்ளேயே இருக்கிறது, அதைவிட முக்கியம், எந்தச் சுரத்துக்கு எது ஜோடி என்று நாமே எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. கீரவாணியும் மாயாமாளவகௌளையும் இங்கே நடக்கும். பாட்டுக்கு ஒரு பேட்ச் (சேமித்து வைக்கும் அமைப்பு), கட்டையோடு சேர்த்துச் சேமித்துவிட்டால் இருட்டில் குனிய வேண்டாம். ஆனால் பாடகர் திடீரென்று அரைக் கட்டை இறக்கச் சொன்னால், குமிழைத் திருப்புகிற வேலை மெனுவுக்குள் நுழைந்து தேடுகிற வேலையாகிவிடும். தெரிந்தவர்கள் ஒரே பாட்டுக்கு இரண்டு கட்டையில் பேட்ச் போட்டு வைத்திருப்பார்கள்.

சரி, ஆம்ப். எந்தப் பெட்டியை வாங்கினாலும் இங்கேதான் காரியம் கெடும். ஆம்பின் டிஸ்டார்ஷனை ஏற்றி வைத்துவிட்டு ஹார்மனைசரை நேராக இன்புட்டில் செருகினால், இரண்டு சுரமும் சேர்ந்து அந்த டிஸ்டார்ஷனுக்குள் போகும், அது அவற்றைக் கலந்து புதிதாக ஒரு சுரம் உண்டாக்கும். 440 ஹெர்ட்ஸ் ஏ, அதன் மேஜர் தேர்ட் 554. வித்தியாசம் 114. கீழே இருக்கிற ஏ 110-இல் அல்லவா இருக்கிறது, ஆக அந்த உறுமல் சுருதியிலும் சேராது. ஃபிஃப்த் (ஏழு அரைச்சுரம் தள்ளி) போட்டால் 440-உம் 659-உம், வித்தியாசம் 219, கீழ் ஏ 220, ஏறக்குறைய ஒட்டிவிடும். பவர் கார்ட் (சுரமும் அதன் ஃபிஃப்த்தும் மட்டும்) டிஸ்டார்ஷனில் அழகாக இருப்பதும் தேர்ட் கலங்குவதும் இதனால்தான்.

அதனால் தேர்ட் ஹார்மனி வேண்டுமென்றால் டிஸ்டார்ஷன் முதலில், ஹார்மனைசர் அப்புறம். ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடல் செருகும் வழி) இருந்தால் சென்ட்-ரிட்டர்ன் நடுவில் வையுங்கள். ஆனால் நம் மேடைகளில் வாடகைக்கு வருகிற சின்ன காம்போ ஆம்ப்களில் லூப் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். லூப் இல்லையா, ஆம்பை க்ளீனில் விட்டுவிட்டு, டிஸ்டார்ஷனுக்குத் தனி பெடல் வைத்து, அதற்குப் பின்னால் ஹார்மனைசரைப் போட்டு இன்புட்டில் செருகுங்கள், பலன் ஒன்றுதான். கெயினை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, மட்டும் மட்டாக வைக்க வேண்டும், அதிகமானால் இரைச்சல் ஏறிச் சுரத்தைக் கண்டுபிடிப்பது தடுமாறும். ஆக்டேவ் பெடல் இதற்கு நேர்மாறு: டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால்தான் நன்றாக ஒட்டும்.

இரண்டு ஆம்ப் வைத்து, அசலை ஒன்றிலும் ஹார்மனியை இன்னொன்றிலும் விடலாம் என்று யாராவது சொன்னால், ஒத்திகை அறையில் செய்து ரசியுங்கள். திறந்தவெளியில், கச்சான் காற்று மைக்கில் மோதிக்கொண்டிருக்க, சவுண்ட்காரர் எல்லாவற்றையும் மோனோவில்தான் விடப்போகிறார். கடைசி வரிசையில் ஐஸ் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒரே பாக்ஸில்தான் கேட்கும்.

மின்சாரம் தனிப் பிரச்சினை. ஜெனரேட்டரில் சீரியல் செட்டும் கிட்டாரும் ஒரே இணைப்பில் ஓடும்போது வோல்டேஜ் ஒரு தடவை சரிந்தாலும் டிஜிட்டல் பெடல் அணைந்து திரும்ப எழும், சோலோவின் நடுவில். நாலு ஏஏ பேட்டரியில் ஓடுகிற ஜிடி-1 அந்த நேரத்தில் அசையாது. மற்றவற்றுக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வேனில் இருக்கட்டும்.

யாருக்கு எது? ராக் பிட்டும் மேஜர்-மைனர் பாட்டும் மட்டும் வாசிப்பவர், கட்டை மாறாத குழு: பிஎஸ்-6, யோசிக்கவே வேண்டாம். பழைய மெலடி, பக்திப் பாட்டு, கமகம்: மைக்ரோ பாக். எல்லாவற்றையும் ஒரே ஆள் சமாளிக்க வேண்டும், காசும் இறுக்கம்: ஜிடி-1. வாமியை நான் சிபாரிசு செய்வது உட்கார்ந்து பழகுகிற பொறுமை உள்ளவருக்கு மட்டும்.

பழைய பெடல் வாங்குகிறவர் கவனிக்க: வாமியின் நாலாம் பதிப்பு வரை ஏசி 9 வோல்ட் அடாப்டர், ஐந்தாம் பதிப்பிலிருந்து டிசி. மாற்றிச் செருகினால் ஆபத்து. அப்புறம் இந்தக் கரையில் சுற்றிய பெடல் என்றால் ஜாக்கின் நட்டைப் பாருங்கள், உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் உள்ளே சுவிட்சும் அதே கதையில்தான் இருக்கும். செருகிய கேபிளை மெல்லத் திருப்புங்கள், கரகரத்தால் காண்டாக்ட் க்ளீனர் அடித்துச் சரியாகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பிறகு மேல் ஈ தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டாவது வரை ஹார்மனியோடு மெதுவாக ஏறி இறங்குங்கள், எங்கேயாவது ஜோடிச் சுரம் நடுங்கினால் உங்கள் கிட்டார் சுருதியை முதலில் சரிபார்த்துவிட்டு, அதற்கப்புறம் பெடலைக் குறை சொல்லுங்கள்.