டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்: பழைய மடிக்கணினிக்கு எந்த அளவுக்கு உதவும்?

கணினித் திரையில் டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறு என்று யாரிடம் சொன்னாலும், "டிடியூ போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்ற பதில் உடனே வந்துவிடும். வாக்னார்ட்சாஃப்ட் இலவசமாக வழங்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளுக்குத்தான் இந்தச் சுருக்கப் பெயர். இன்டெல், என்விடியா, ஏஎம்டி ஆகியவற்றின் கிராபிக்ஸ் டிரைவர்களையும், வழக்கமான முறையில் நீக்கிய பிறகும், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் விண்டோஸின் டிரைவர் கிடங்கிலும் தங்கிவிடும் மிச்சங்களையும் அது அகற்றுகிறது. அந்த வேலையை அது மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் பத்து ஆண்டுகளைத் தாண்டிய மடிக்கணினியில் துடைப்பது பாதி வேலைதான். துடைத்த இடத்தில் எந்த டிரைவரை, எந்த வரிசையில் வைப்பது என்பது தெரியாமல் இதைத் தொடக்கூடாது.

நான் இதைப் பயன்படுத்தியது உறவினர் ஒருவரின் மடிக்கணினியில். இரண்டாம் தலைமுறை கோர் ஐ5 செயலி, அதனுள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 3000, தனியாக ஒரு ஜீஃபோர்ஸ் ஜிடி 540எம், விண்டோஸ் 10. 1366×768 அளவுள்ள திரை 1024×768 என்று காட்டியதால் எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யவில்லை. பவர் மெனுவில் 'ஸ்லீப்' என்ற தேர்வே காணாமல் போயிருந்தது. காணொளி ஓடத் தொடங்கினால் மின்விசிறி இரைந்தது. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், இன்டெல் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற விண்டோஸின் பொதுவான மாற்று டிரைவரும், ஜீஃபோர்ஸின் மேல் மஞ்சள் முக்கோணத்துடன் கோடு 43 (Code 43) என்ற பிழைக் குறியீடும் இருந்தன. டிரைவர்களைத் தானே தேடிப் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஏதோ ஒரு மென்பொருளை முன்பு யாரோ ஓட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல பதிப்புகளை நிறுவியிருந்தனர். அவ்வகை மென்பொருள்களைப் பழைய கணினியின் பக்கமே அண்டவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டிடியூவைப் பயன்படுத்தும் முறை கடினமானதன்று. இணைய இணைப்பைத் துண்டித்து, விண்டோஸை, அத்தியாவசிய டிரைவர்களை மட்டுமே ஏற்றும் சேஃப் மோடில் தொடங்கி, மென்பொருளைத் திறந்து, சாதன வகையில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்பதையும் அடுத்த பட்டியலில் நிறுவனத்தின் பெயரையும் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ள மடிக்கணினியில், முதலாவதை மறுதொடக்கம் இல்லாத பொத்தானால் துடைத்துவிட்டு, இரண்டாவதற்கு மறுதொடக்கப் பொத்தானைப் பயன்படுத்தலாம். எந்தக் கோப்பு, எந்த ரெஜிஸ்ட்ரி பதிவு நீக்கப்படுகிறது என்பது அப்போதைக்கப்போதே ஒரு பெட்டியில் வரிவரியாக ஓடுகிறது. மறைத்து எதையும் செய்யாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. விண்டோஸ் கணக்குக்கு 'பின்' (PIN) எண் மட்டுமே வைத்திருப்பவர்கள், சேஃப் மோடில் அது ஏற்கப்படாமல் போகக்கூடும் என்பதால், முழுக் கடவுச்சொல்லையும் முன்னதாகவே உறுதிசெய்துகொள்வது நல்லது. இடைமுகம் அழகானதல்ல, அமைப்புகள் பக்கத்தில் உள்ள தேர்வுக் கட்டங்களின் நெரிசல் புதியவர்களை மிரட்டும். அவற்றை இருந்தபடியே விட்டுவிடலாம், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவர்கள் தாமாக வந்து இறங்குவதைத் தடுக்கும் அமைப்பு. டிடியூ திறக்கப்படும்போதே இந்தத் தடையைப் போட்டுவிட்டு, போட்டதாக ஓர் அறிவிப்பும் காட்டுகிறது. பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகின்றனர். புதிய கணினிகளுக்கு இது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் நாம் பதிவிறக்கி வைத்த டிரைவரை நிறுவுவதற்குள் விண்டோஸ் வேறொன்றைக் கொண்டுவந்து திணித்துவிடும். எச்டி 3000 சிப்புக்கோ நிலைமை தலைகீழ். 2011இல் வந்த இந்தச் சிப்புக்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல் தன் தளத்தில் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. விண்டோஸ் 7, 8 காலத்து வரிசையைச் சேர்ந்த 9.17.10.4459 என்ற பதிப்புதான் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகிறது. தடை நீடிக்கும்வரை அது வராது. திரையும் அதே பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் நின்றுவிடும். டிடியூவுக்குள்ளேயே அந்த அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. துடைத்து முடித்த பிறகு அதைச் சொடுக்கி, இணையத்தை இணைத்து, விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டதும் இன்டெல் டிரைவர் தானாகவே வந்து அமர்ந்தது; எழுத்துகள் நேராயின, வெளிச்ச விசைகளும் உயிர்பெற்றன. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறைச் செயலிகளின் எச்டி 4000 சிப்புக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அதற்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல்லே வெளியிட்டிருக்கிறது.

ஆகவே துடைப்பதற்கு முன்பே தன் கணினியில் இருப்பது எந்தச் சிப் என்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பண்புகளைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட குறியீடு தெரியும். அதில் விஇஎன் (VEN) என்பதையடுத்து 8086 இருந்தால் இன்டெல், 10டிஇ (10DE) இருந்தால் என்விடியா, 1002 இருந்தால் ஏஎம்டி. டிஇவி (DEV) என்பதையடுத்து வரும் எண் குறிப்பிட்ட சிப்பைச் சொல்லும். இந்தக் கணினியில் அது 0116, அதாவது மடிக்கணினிகளுக்கான எச்டி 3000.

ஜிடி 540எம் என்விடியாவின் ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்தது. அத்தலைமுறைக்கான வழக்கமான டிரைவர் வெளியீடு 2018 ஏப்ரலில் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2019 ஜனவரியோடு முடிந்தன. கடைசியாகக் கிடைப்பது 391.35. அதற்குப் பின் வந்த எதையும் அந்தச் சிப் ஏற்காது. வரிசையும் முக்கியம்: இரண்டு சிப்களையும் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தும் என்விடியாவின் ஆப்டிமஸ் முறையில் மடிக்கணினியின் திரை இன்டெல் சிப்போடுதான் இணைந்திருக்கும், என்விடியா வரைந்து தரும் படமும் இன்டெல் வழியாகவே திரைக்குப் போகும். எனவே இன்டெல் டிரைவர் முதலில், மறுதொடக்கத்துக்குப் பின் என்விடியா. இன்டெல்லும் ஏஎம்டியும் சேர்ந்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கெனத் தரப்பட்டிருக்கும் தொகுப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளாமல் துடைக்கவே வேண்டாம்.

சிறு தடுமாற்றங்களுக்கெல்லாம் டிடியூவை எடுப்பது தேவையற்றது. திரை ஒரு கணம் கறுத்து, டிரைவர் பதிலளிக்காமல் மீண்டது என்ற செய்தி எப்போதாவது வந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தி டிரைவரை மீளத் தொடங்கலாம். என்விடியாவின் நிறுவியிலேயே 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' என்ற தேர்வும் உண்டு. இன்னொரு பக்கம், கணினியை இயக்கியவுடன் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகளும் நிறப்புள்ளிகளும் தெரிந்தால் அது சிப்பின் அல்லது திரைக் கேபிளின் பழுது. அங்கே விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறவேயில்லை என்பதால் எந்தத் துடைப்பும் பயன்தராது. ஐயம் இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை யுஎஸ்பியிலிருந்து நிறுவாமலே ஓடவிட்டுப் பார்க்கலாம். அதில் படம் தெளிவாக இருந்தால் விண்டோஸ் பக்கம்தான் குறை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

மென்பொருளை வாக்னார்ட்சாஃப்ட் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். ஒட்டுமொத்தமாக, தன் சிப்பின் பெயரையும் அதன் கடைசி டிரைவரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் முதலில் அந்தக் குறிப்பை எடுக்கட்டும். உறவினரின் கணினியில் 391.35ஐ நிறுவியதும் கோடு 43 மறைந்தது. ஆனாலும் அவர் விளையாட்டுகள் எதுவும் ஆடுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன டிரைவர் அவருக்கு எதற்கு என்று எண்ணி, டிவைஸ் மேனேஜரில் ஜீஃபோர்ஸை முடக்கிவிட்டேன். கடிதம் தட்டுவதற்கும் காணொளி பார்ப்பதற்கும் இன்டெல் சிப்பே போதுமானதாக இருக்கிறது. மடிக்கணினியின் சூடும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது.