வெளிநாடு போகும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுப்பவர்கள் கவனத்துக்கு: பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்

என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். பேரக் குழந்தையைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து அவன் வீட்டுக்குப் போனார்கள். விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரரே பயணக் காப்பீடும் எடுத்துத் தந்தார். போய்ச் சில வாரங்களில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனமோ ஒரு டாலர்கூடத் தர முடியாது என்று கடிதம் அனுப்பிவிட்டது. ஏற்கெனவே இருந்த நோய்களை நாங்கள் மறைத்துவிட்டோமாம்.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவர் அந்த டிராவல்ஸ்காரர். அதை அவர் எப்படிச் செய்தார் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். நம் ஊர்களில் பெற்றோருக்கு இப்படித்தான் பலரும் பாலிசி எடுக்கிறார்கள்.

பாஸ்போர்ட் நகலோடு அப்பாவின் மருந்துச் சீட்டையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் இரண்டும் அதில் தெளிவாகத் தெரியும். கீழே, "அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்" என்றும் எழுதினேன். "சரி மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. அன்று மாலை அப்பாவை போனில் அழைத்து, "சார், பணம் கட்டியதை உறுதி செய்ய ஓர் ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றார். அப்பா சொல்லிவிட்டார். அந்த எண் பணத்துக்கானது அல்ல. விண்ணப்பத்தில் உள்ளவை எல்லாம் உண்மை என்று அப்பா கையெழுத்துப் போட்டதாக அதைத்தான் நிறுவனம் இப்போது காட்டுகிறது.

பூர்த்தி செய்த படிவத்தை, இழப்பீடு மறுக்கப்பட்ட பிறகு நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுத்தான் வாங்கினோம். சர்க்கரை நோய்: இல்லை. உயர் ரத்த அழுத்தம்: இல்லை. தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள்: இல்லை. மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் அந்த டிராவல்ஸ் அலுவலகத்தின் முகவரி. படிவத்தின் நகல் அங்கேதான் போயிருக்கிறது. எங்களுக்கு வந்தது இரண்டு பக்கச் சான்றிதழ் மட்டும். முகவர் பெயர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் நாங்கள் கேள்வியே பட்டிராத ஒருவரின் பெயர்.

'ஆம்' என்று குறித்தால் பிரீமியம் கூடும். சில நிறுவனங்கள் மருத்துவ அறிக்கை கேட்கும். பாலிசி வரத் தாமதமாகும். 'இல்லை' என்று குறித்தால் அன்றே வேலை முடியும். இதற்காகத்தான் ஒரு வயதானவரின் உயிரோடு விளையாடியிருக்கிறார். உண்மையை எழுதியிருந்தால் வழி இருந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அறிவித்த பழைய நோயால் திடீரென்று உயிருக்கு ஆபத்து வந்தால், ஒரு வரம்புக்கு உட்பட்டுச் செலவை ஏற்கும் பாலிசிகள் இந்தியாவிலேயே விற்கப்படுகின்றன. அமெரிக்க நிறுவனங்களும் பார்வையாளர்களுக்கென்று திட்டங்கள் விற்கின்றன. அவற்றை அங்கே போய் இறங்கிய பிறகும் வாங்கலாம்.

படிவம் சரியாக இருந்திருந்தாலும் எங்களுக்கு முழுப் பணம் கிடைத்திருக்காது. சான்றிதழின் முதல் பக்கத்தில் 1,00,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவைச் சிகிச்சை, மருத்துவர் வருகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு என்பது நிபந்தனைக் கையேட்டில்தான் இருக்கிறது. அதை எங்களுக்குத் தரவே இல்லை. எங்கள் பாலிசியில் அறுவைச் சிகிச்சைக்கு 10,000 டாலர்தான் வரம்பு. மருத்துவமனை பில்லோ ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. மொத்தத் தொகையை மட்டும் சொல்லி விற்பவரிடம், உட்பிரிவு வரம்பு இல்லாத பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரீமியம் கூடுதலாக இருக்கும், ஆனாலும் அதுதான் உதவும்.

மாரடைப்பு வந்த அன்று இரவு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு அடைப்பது போல இருந்தும் அப்பா விடியும்வரை யாரையும் எழுப்பவில்லை. சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, சோபாவில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். "இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை கடனாளி ஆகிவிடுவான்" என்று பயந்தாராம். பெற்றோரை அனுப்பும் ஒவ்வொருவரும் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் கை கால் மரத்தால், உடனே அங்குள்ள அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். பில்லைப் பற்றிப் பிறகு பேசலாம். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது: மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, வருபவரிடம் பணமோ காப்பீடோ இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையில் இருந்தால் உடல்நிலையைச் சீராக்க வேண்டும்.

பில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் விவரப் பட்டியலைக் கேளுங்கள். அங்குள்ள லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தம்பி அதற்கு விண்ணப்பித்து, சமூகப் பணியாளரிடம் நடையாய் நடந்து, தொகையைக் கணிசமாகக் குறைத்திருக்கிறான். மீதியைத் தவணையில் கட்டி வருகிறான்.

உங்கள் வீட்டிலும் யாராவது கிளம்பத் தயாராக இருந்தால், பூர்த்தி செய்த படிவத்தின் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். முகவர் தர மறுத்தால், பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள். படிவத்தில் உங்கள் மின்னஞ்சலும் உங்கள் செல்போன் எண்ணும் மட்டுமே இருக்க வேண்டும். பிழை இருந்தால் விமானம் ஏறும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். பாலிசி தொடங்கிவிட்டால் பிறகு கெஞ்சித்தான் ஆக வேண்டும். மாத்திரைகளைத் தங்கும் நாள்களுக்கு மேலும் சில வாரங்களுக்குச் சேர்த்து, கைப்பையில் கொடுத்து அனுப்புங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் (மெட்ஃபார்மின் என்பதுபோல) இருக்கட்டும். நம் ஊர் கம்பெனிப் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது.

எங்களைப் போல ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை கோரலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நாங்கள் அந்த வாட்ஸ்அப் உரையாடலை, மருந்துச் சீட்டுப் படத்தோடும் தேதியோடும் அச்செடுத்து மனுவுடன் இணைத்திருக்கிறோம். விசாரணை இன்னும் வரவில்லை. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எங்கள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. அதனால் முகவரிடம் நோய் விவரம் எதைச் சொன்னாலும் எழுத்தில் சொல்லுங்கள். போன் மாற்றினாலும் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.