சுங்கை சிப்புட்ல பிள்ளைங்களுக்கு நிட்டிங் வகுப்பு: பேகன் போர்வையில இருந்து பால்மரம் வரைக்கும்

சுங்கை சிப்புட் பக்கம் இருக்குற அம்மா அப்பாங்களுக்கு சொல்றேன், சனிக்கிழமை காலையில கடைத்தெருவுல ஒரு தையல்கடைக்கு மேல மாடியில பிள்ளைங்களுக்கு நிட்டிங் சொல்லிக் குடுக்குறாங்க, தாராளமா அனுப்பலாம். என் மக நாலாம் ஆண்டு, மகன் ரெண்டாம் ஆண்டு, ரெண்டு பேரும் போறாங்க. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது, தையல்கடை அக்காகிட்ட கேட்டா படிக்கட்ட காட்டுவாங்க. நடத்துறவங்க தமிழ்ப்பள்ளியில வேலை பாத்து ஓய்வு பெற்ற டீச்சர். மாசம் 60 வெள்ளி, நூல் ஊசி எல்லாம் அதுலயே அடக்கம், ஒரே வீட்டுல இருந்து ரெண்டாவது பிள்ளை வந்தா அதுக்கு 45.

இது சும்மா ஸ்கார்ஃப் பின்ன வைக்கிற வகுப்பு இல்ல. பின்னுற ஒவ்வொரு பொருளுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கு, இலக்கியத்துல இருந்தோ வரலாறுல இருந்தோ. மொதல்ல கதை, அப்புறம்தான் ஊசி கைக்கு வரும். முன்னாடி மகள ஈப்போவுல ஒரு பெரிய கடையில நடந்த கைவேலை வகுப்புக்கு அனுப்பினோம், காசு இதவிட ரொம்ப ஜாஸ்தி, ஒரு பேப்பர்ல பேட்டர்ன குடுத்து இத்தன வரிசை பின்னுன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு ஃபோன் பாத்துட்டு உக்காந்திருக்கும், பிள்ளை பாதியில விட்டுட்டா, விடாம என்ன செய்வா, எதுக்கு பின்னுறோம்னே அவளுக்கு யாரும் சொல்லலையே. இங்க அதே பிள்ளை இன்னும் நாலு வரிசைதான்மா இருக்குன்னு சாப்பாட்ட தள்ளிப் போடுறா.

மொத பொருள் பேகனோட போர்வை. மயிலுக்குப் போர்வை குடுத்த வள்ளல்னு நம்ம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா டீச்சர் அத வெறும் பொது அறிவா சொல்லாம புறநானூறுல பரணர் பாடின 141-ஆவது பாட்ட எடுத்து சொல்றாங்க. மயில் அத உடுத்தாது போத்திக்காதுன்னு தெரிஞ்சேதான் அவன் குடுத்தான்னு அந்தப் பாட்டுல இருக்கு. அப்போ ஏன் குடுத்தாருன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டுட்டு பதில் சொல்லாம விட்டுடுறாங்க. என் மகன் வீட்டுக்கு வந்து, மயில் வேணாம்னு சொல்லலையே அதான்னு சொன்னான். இத எந்தக் கைடு புத்தகத்துல போய் தேடுறது.

வேலைய பொறுத்தவரைக்கும் அது 20 கண்ணியில, அதான் ஊசியில ஏத்துற நூல் வளையத்துல, ஒரு சின்ன செவ்வகம், முழுக்க நிட்டுங்குற சாதாப் பின்னல் மட்டும்தான், முன்பக்கம் புடைப்பு வர்ற பர்ல் பின்னல் கிடையாது, அதனால ஏழு வயசு பிள்ளைக்கும் வரும். 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி குடுக்குறாங்க, இரும்பு ஊசியா இருந்தா கண்ணி வழுக்கி விழுந்துட்டே இருக்கும், சின்னக் கைக்கு மூங்கில்தான் சரி. புதுசா பின்னுற எல்லா பிள்ளைக்கும் ஒரே பிரச்சினை வரும், 20 கண்ணி போட்டு ஆரம்பிச்சது போகப் போக 23, 26னு கூடிட்டே போய் போர்வை ஒரு பக்கமா விரிஞ்சுடும். வரிசை ஆரம்பிக்கிறப்ப நூல ஊசிக்கு மேல தூக்கி பின்னாடி இழுத்துட்டா மொத கண்ணியோட ரெண்டு காலும் தனித்தனியா நின்னு ரெண்டு கண்ணியா தெரியும், பிள்ளை ரெண்டுலயும் பின்னிடும், அதுதான் காரணம். டீச்சர் ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் உக்காந்து, நூல முன்னாடி கீழ இழுத்து விட்டு, இப்ப எண்ணு எத்தனன்னு கேக்குறாங்க, ஒண்ணுதான் டீச்சர்ங்குது, சரி இப்ப பின்னுங்குறாங்க. அவ்ளோதான், திட்டு இல்ல, பிரிச்சுப் போடுறதும் இல்ல. விரிஞ்ச போர்வைய அப்படியே மயிலுக்குப் போத்தி விட்டாச்சு.

அடுத்து நெல்லிக்கனி. அதியமான் ஔவைக்குக் குடுத்தது, அதோட சிறப்ப மனசுக்குள்ளயே வச்சுகிட்டு சாவு வராம இருக்க எனக்குக் குடுத்துட்டியேன்னு ஔவை பாடினது புறநானூறு 91. பச்சை நூல்ல ஒரு சின்னத் துண்டு பின்னி ஓரத்த சுருக்கி உள்ள பஞ்சு வச்சு மூடிட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் நூல் ஓட்டி இழுத்தா நெல்லிக்காய்ல இருக்குற கோடு அப்படியே வந்துடும், பாக்க அவ்ளோ அழகு. இதுல ஒரே ஒரு கண்டிஷன், செஞ்சவங்க அத வச்சுக்கக் கூடாது, யாருக்காவது குடுத்துடணும், யாருக்குன்னு பிள்ளைதான் முடிவு பண்ணணும். என் மக பள்ளிக்கூட பஸ் ஓட்டுற அண்ணனுக்குக் குடுத்துட்டு வந்தா, அவரு அத கண்ணாடிகிட்ட தொங்க விட்டிருக்காரு.

வெளிநாட்டுக் கதையும் உண்டு. ஆண்டர்சன் 1838-ல எழுதின அன்னமா மாறின அண்ணன்தம்பிங்க கதை, பதினோரு பேரு, தங்கச்சி காஞ்சொறி வகை செடிய பறிச்சு நூலாக்கி பதினோரு சட்டை செய்யணும், செஞ்சு முடிக்கிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது, கடைசி சட்டையில ஒரு கை மட்டும் முடியாம போக கடைசித் தம்பிக்கு ஒரு பக்கம் இறக்கை அப்படியே நின்னுடும். பிள்ளைங்க பொம்மைக்கு ஒரு கை இல்லாத சட்டை பின்னுறாங்க, ஒரு வரிசை முடியுற வரைக்கும் யாரும் பேசக்கூடாதுன்னு சட்டம். இருபது பிள்ளைங்க இருக்குற அறையில ஊசி சத்தம் மட்டும் கேக்குது, நான் வாசல்ல நின்னு பாத்தேன், நம்பவே முடியல.

பெரிய பிள்ளைங்களுக்கு ரகசியப் பட்டைன்னு ஒண்ணு. ரெண்டாம் உலகப் போர்ல பிலிஸ் லாட்டூர்னு ஒரு இளம் பொண்ணு, 1944 மே மாசம் பிரிட்டன் அவங்கள பாராசூட்ல நார்மண்டியில இறக்குனாங்க, ஜெர்மன்காரங்க நடமாடுற இடத்துல சைக்கிள்ல சுத்தி 135 ரகசிய செய்தி அனுப்புனாங்க. குறியீடு எழுதின பட்டுத் துணிய ஒரு பின்னல் ஊசியில சுத்தி தலைமுடி கட்டுற நாடாவுக்குள்ள மறைச்சு வச்சிருந்தாங்க. இணையத்துல நிறைய பேரு அவங்க செய்தியவே துணியில பின்னி அனுப்புன மாதிரி எழுதுறாங்க, டீச்சர் அப்படி சொல்லல, ஊசிதான் ஒளிச்சு வச்ச இடம்னு தெளிவா பிரிச்சு சொன்னாங்க, அந்த கவனம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. அப்புறம் மோர்ஸ் குறியீடு சொல்லிக் குடுத்து, சமமா பின்னுன துணியில பர்ல் புடைப்பு ஒண்ணு வந்தா புள்ளி, மூணு சேர்ந்து வந்தா கோடுன்னு வச்சு, அவங்கவங்க பேர புத்தக அடையாளப் பட்டையில பின்ன வைக்கிறாங்க. நிட், பர்ல் வித்தியாசம் இப்படி கத்துகிட்டா மறக்கவே மறக்காது, ஒரு புடைப்பு மாறிட்டா பேரே மாறிடுமே. டிக்கன்ஸ் 1859-ல எழுதின பிரெஞ்சுப் புரட்சி நாவல்ல வர்ற மேடம் டிஃபார்ஜ், சாகவேண்டியவங்க பேர பின்னல்லயே குறிச்சு வைக்கிற பொம்பள, அந்தக் கதைய பன்னெண்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்தான் சொல்றாங்க. நல்லது, சின்னதுங்க ராத்திரி தூங்காது.

ஆனா நான் இத எழுத உக்காந்ததே பால்மர பட்டைக்காகத்தான், அதான் நம்ம ரப்பர் மரம்.

1877-ல மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுல ஒன்பது நம்ம பக்கத்து ஊரு கோலகங்சார்ல நட்டது, அதுல ஒரு மரம் இன்னும் டிஸ்ட்ரிக்ட் ஆபிஸ் பக்கம் நிக்குது. 1888-ல சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பா வந்த ரிட்லி, மரத்த சாகடிக்காம திரும்பத் திரும்ப பால் எடுக்க ஒரு முறை கண்டுபிடிச்சாரு, நடுவுல நேரா ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சாய்வா வெட்டு, மீன் முள் மாதிரி. இப்ப நிட்டிங்ல வழவழன்னு இருக்குற பக்கத்த கிட்ட வச்சு பாருங்க, ஒவ்வொரு கண்ணியும் ரெண்டு பக்கம் சாஞ்சு நடுவுல சேரும், வரிசை வரிசையா அதே வடிவம். டீச்சர் இத வச்சு பழுப்பு நூல்ல ஒரு மரப்பட்டை பின்ன வச்சாங்க. மக வீட்டுக்குக் கொண்டு வந்து என் மாமியார்கிட்ட காட்டினா. அவங்க சின்ன வயசுல இருந்து தோட்டத்துல பால் வெட்டுனவங்க, கையில வாங்கி பாத்துட்டு, நாங்க வெட்டுனது இப்படி இல்லடி, ஒத்தப் பக்கம்தான் வெட்டு, இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ, அப்பதான் பால் ஒழுங்கா இறங்கி மங்குல, அதான் பால் பிடிக்கிற கிண்ணத்துல, விழும்னு சொன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, மீன் முள் வெட்டு ரொம்ப பழசு, அப்புறம் மரத்தோட பாதி சுத்துக்கு ஒரே சாய்வா வெட்டுற அரைச்சுத்து வெட்டுதான் எல்லா தோட்டத்துலயும், பால் குழாய் பட்டைக்குள்ள கொஞ்சம் சாய்வா ஓடுறதால அந்தப் பக்கமா வெட்டினாதான் நிறைய குழாய் அறுபடும்.

மக இத போய் சொல்லியிருக்கா. அடுத்த வாரம் டீச்சரே ஃபோன் பண்ணி, அம்மா நீங்க ஒரு நாள் வந்து பிள்ளைங்களுக்கு சொல்லணும்னு மாமியார கூப்பிட்டாங்க. அந்தப் படிக்கட்டு ரொம்ப செங்குத்து, மெதுவா கைய புடிச்சு ஏத்திவிட்டோம். மொத அஞ்சு நிமிஷம் கூச்சத்துல பேசவே இல்ல, அப்புறம் ஒரு பையன் இருட்டுல எப்படி பாட்டி மரம் தெரியும்னு கேட்டான், அவ்ளோதான், தலையில விளக்கு கட்டிகிட்டு நிரை, அதான் மர வரிசை, பிடிச்சு போனது, மழை வந்தா அன்னிக்கு வெட்டு இல்லாம சம்பளம் போறது, கைப்பிள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு விடியறதுக்கு முன்ன ஓடினது எல்லாம் வந்துச்சு. எங்ககிட்டகூட அவங்க இதெல்லாம் இப்படி உக்காந்து சொன்னதில்ல.

டீச்சர் அதுக்கு ஏத்த மாதிரி பட்டையவே மாத்திட்டாங்க. ஒரு ஓரத்துல ஒரு கண்ணி கூட்டி எதிர் ஓரத்துல ஒண்ணு குறைச்சுட்டே போனா அகலம் மாறாது ஆனா வரிசை எல்லாம் சாய்வா நிக்கும், நடுவுல வெள்ளை நூல்ல ரெண்டு வரிசை போட்டா அதுதான் பால் வெட்டு, அடியில ஒரு சின்ன மங்கு தைச்சுடலாம். என் மக பின்னுனது சாய்வு எதிர்ப்பக்கமா வந்துடுச்சு. திருப்பிப் போட்டா சாய்வு சரியாகும், ஆனா நிறம் மாறுற இடம் பின்பக்கத்துல புள்ளி புள்ளியா தெரியும், கோடு சுத்தமா இருக்காது. பாட்டிகிட்ட காட்டினா, இந்தப் பக்கம் வெட்டினா கங்காணி மரத்துக்கிட்டயே நிக்க வச்சு ஏசுவாருன்னு சொல்லிட்டாங்க, அவ முழுசா பிரிச்சு கூட்டுறத குறைக்குறத பக்கம் மாத்தி மறுபடி பின்னுனா, யாரும் கட்டாயப்படுத்தல. நம்ம வீட்டுக் கதையா இருந்தா பிள்ளைக்கு அது சரியா வரணும்னு தோணுது. அன்னப்பறவை சட்டைய அவ அப்படி பிரிச்சதில்ல.

வெயில் ஊருல நிட்டிங் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு, இன்னிக்கு நமக்குக் கிடைச்சிருக்குற ரொம்ப பழைய நிஜமான நிட்டிங் துணியில எகிப்துல கிடைச்ச பருத்தி காலுறைங்கதான் முக்கியமானது, 11, 12-ஆம் நூற்றாண்டு வாக்குல உள்ளது, குளிர் நாட்டு கம்பளி இல்ல. ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு என் வீட்டுக்காரர் பக்கத்து சொந்தத்துல ஒருத்தர் கேட்டாரு, ஐரோப்பாவுல அந்தக் காலத்து நிட்டிங் சங்கங்கள் ஆம்பளைங்க கையிலதான் இருந்துச்சு, வருஷக்கணக்கா தொழில் பழகி பரீட்சை மாதிரி செஞ்சு காட்டினாதான் சேத்துக்குவாங்க. மகன் போறான், போவான்.

குறையும் இருக்கு. அறையில ஒரே ஒரு ஃபேன், பத்தரை மணிக்கு மேல கை வேர்த்து நூல் ஊசியில ஒட்டிக்கும், அதுவும் ஆரம்பத்துல குடுக்குற மலிவு அக்ரிலிக் நூல் ரொம்ப மோசம். கொஞ்சம் பெத்தவங்க கேட்டதுக்கு அப்புறம் இப்ப பருத்தி கலந்த மில்க் காட்டன் குடுக்குறாங்க, ஆனா புதுசா சேர்றவங்களுக்கு இன்னும் அந்த பழைய ஸ்டாக்தான் போகுது, சேர்றப்பவே கேட்டு வாங்குங்க. இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சர் பத்தாது, உதவிக்கு வர்ற பொண்ணு ஒரு வாரம் வந்தா ஒரு வாரம் வர்றதில்ல.

வரலாறுல இன்னும் ஒண்ணு சேக்கணும்னு டீச்சர்கிட்டயே சொல்லிட்டேன். 1942, 43-ல ஜப்பான்காரங்க நம்ம தோட்டத்து ஆளுங்கள கூட்டிட்டுப் போய் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல மரண ரயில் பாதை போட வச்சாங்களே, 415 கிலோமீட்டர், எத்தன வீட்டுல போனவங்க திரும்பல. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வரிசைன்னு 415 வரிசை ஒரே நீளப் பட்டையா பெரிய பிள்ளைங்க எல்லாரும் மாத்தி மாத்தி பின்னலாம், யாராச்சும் வீட்டுல போன தாத்தா பேரு தெரிஞ்சா அவரு பேர மோர்ஸ்ல அதுலயே பின்னலாம். டீச்சர் யோசிக்கிறேன்னாங்க, பெத்தவங்க நாலஞ்சு பேரு சேர்ந்து கேட்டா கண்டிப்பா செய்வாங்க, அதனால நீங்களும் கேளுங்க.

சேக்குறதுக்கு முன்ன ஒரு விஷயம், உங்க பிள்ளை இடது கைப் பழக்கம்னா மொத நாளே சொல்லிடுங்க, பக்கத்துல உக்கார வச்சா பிள்ளைக்கு எல்லாம் தலைகீழா தெரியும், சொன்னா எதிர்ல உக்கார வச்சு கண்ணாடி பாக்குற மாதிரி சொல்லிக் குடுக்குறாங்க, சொல்லலன்னா கூட்டத்துல கவனிக்க மாட்டாங்க. ஏழு வயசுக்குக் கீழ எடுக்குறதில்ல. ஒன்பது மணிக்கு ஆரம்பம், கார் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு நடந்து வந்துடுங்க, கடை முன்னாடி சனிக்கிழமை இடமே கிடைக்காது.