மூன்று பந்தா, அளவுக் குழாயா: அறுவைச் சிகிச்சைக்குப் பின் குழந்தைக்கு எந்த மூச்சுப் பயிற்சிக் கருவி?

இதயம், நுரையீரல், வயிறு என்று பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து குழந்தை வார்டுக்கு வந்ததும் கட்டிலோரம் வந்து சேரும் பொருள்களில் ஒன்று ஸ்பைரோமீட்டர். 'மூணு பந்து ஊதுறது' என்பார்கள். அந்தப் பெயரிலேயே முதல் தவறு இருக்கிறது. இதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். ஊதினால் பந்து அசையாது. 'என்னால முடியல' என்று குழந்தை கருவியைத் தள்ளிவிடும். பிறகு அதை மறுபடி வாயில் வைக்கச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடு.

உறிஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அறுத்த இடம் வலிக்குமே என்ற பயத்தில் குழந்தை மேலோட்டமாகவே மூச்சு விடும். சாதாரண நாளில் நாம் அறியாமலே இடையிடையே இழுக்கும் பெருமூச்சு நின்றுபோகும். நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகளைத் திறந்து வைப்பதே அந்தப் பெருமூச்சுதான். அவை சுருங்கி மூடிக்கொண்டால் சளி தேங்கும், ஆக்சிஜன் அளவு இறங்கும், நிமோனியாவுக்கு வழி பிறக்கும். குழந்தைகளின் மூச்சுக்குழல்கள் குறுகலானவை என்பதால் சிறிது சளியே ஒரு பகுதியை அடைத்துவிடும். 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், நோயாளியை ஊத வைப்பதைவிட ஆழமாக மூச்சை இழுக்க வைப்பதே நுரையீரலை விரிக்கும் என்று வலியுறுத்தினார்கள். இந்தக் கருவியின் அடிப்படை அதுதான்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ட்ரைஃப்ளோ போன்ற மூன்று பந்துக் கருவி, காற்று எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்பதைக் காட்டும். முதல் பந்து எழ நொடிக்கு 600 மில்லி, இரண்டாவதுக்கு 900, மூன்றாவதுக்கு 1200. வால்டைன் போன்ற அளவுக் குழாய், எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதை மில்லியில் காட்டும். அதில் 2500, 5000 என்று இரண்டு அளவுகள் உண்டு. குழந்தைக்கு 2500தான். 5000இல் சின்னக் குழந்தை என்ன இழுத்தாலும் உள்ளே இருக்கும் தட்டு அடியிலேயே கிடப்பதுபோலத் தெரியும்.

குழந்தைகளுக்கு மூன்று பந்துக் கருவியை நான் இரண்டாமிடத்தில்தான் வைப்பேன். பந்தைத் துள்ள வைக்க ஒரு வெடுக்கென்ற இழுப்பு போதும். மூன்று பந்தும் மேலே தட்டும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்தக் கால் நொடியில் உள்ளே போன காற்று மிகக் குறைவு. கணக்கைப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தையின் சாதாரண மூச்சு, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று, 120 முதல் 160 மில்லி. முதல் பந்தை மட்டும் ஒரு முழு நொடி மேலே நிறுத்தினாலே 600 மில்லி உள்ளே போய்விடுகிறது. சாதாரண மூச்சைப்போல நான்கு மடங்கு! மூன்றாவது பந்தை ஒரு நொடி நிறுத்த 1200 மில்லி வேண்டும். அது உடல்நலத்தோடு இருக்கும்போதே அந்த வயதுக் குழந்தையின் நுரையீரல் திறன் முழுவதையும் கேட்கும் அளவு. எனவே மூன்று பந்துக் கருவிதான் கையில் இருக்கிறது என்றால் இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பந்து மட்டும், மெதுவாக, ஒரு நொடி. மற்ற இரண்டும் எழாவிட்டால் கவலையே வேண்டாம்.

கருவியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து எளிதாக ஏறிவிடும். குழந்தைகள் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். மேசைமேல் நேராக வைத்து இழுக்கச் சொல்லுங்கள்.

அளவுக் குழாயின் பெரிய பலம், பக்கத்தில் நகர்த்தும் குறியீடு. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் சில நாட்கள் முன்பே பழக்கி, குழந்தை நன்றாக இழுத்த அளவைக் குறித்து வையுங்கள். அறுவைக்குப் பின் முதல் ஓரிரு நாளில் அது பாதியாகக் குறைவது சாதாரணம். அந்தப் பாதியில் குறியீட்டை வைத்துத் தொடங்கி, தினமும் சிறிது ஏற்றினால் போதும். முந்தைய நாளைவிட எண் இறங்கினால், வலி கட்டுக்குள் இருக்கும்போதும் இறங்கினால், அதை நர்ஸிடம் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரியும் சேதியாக அது இருக்கலாம்.

பயிற்சியின் நேரத்தைத் தீர்மானிப்பது வலி மருந்து. வாய்வழி மருந்து கொடுத்து 30 முதல் 60 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். நரம்பு வழி மருந்து என்றால் எப்போது தொடங்கலாம் என்று நர்ஸைக் கேளுங்கள். வலியோடு இழுக்கச் சொன்னால் குழந்தை பாதியிலேயே நிறுத்திவிடும், அடுத்த முறைக்கு வரவும் வராது. 'அழுதா நுரையீரல் விரியும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுகையில் பெரும்பகுதி வெளிமூச்சுதான்.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைப்பது அடுத்தது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்த அறுவை என்றால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. பிளந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். ஒரு கை தோளுக்கும் கழுத்துக்கும் பின்னால், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள்.

பிறகு மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லி, வாய்த்துண்டை உதடுகளால் இறுக்கமாக மூடச் சொல்லுங்கள். நாக்கு துளையை அடைக்கக் கூடாது. மெதுவாக இழுத்து, 3 நொடி நிறுத்தி, வாய்த்துண்டை எடுத்துவிட்டு மூச்சை விட வேண்டும். அந்த 3 நொடி நிறுத்தம்தான் மூடிய காற்றுப்பைகளுக்குத் திறக்க அவகாசம் தருகிறது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அதுவே. தட்டு மீண்டும் அடிக்கு இறங்கிய பிறகே அடுத்த மூச்சு. மூக்கு வழியாகக் காற்று போனால் மூக்கை மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 முதல் 10 மூச்சு என்பது வழக்கமான அளவு. தூங்கும் குழந்தையை இதற்காக எழுப்ப வேண்டாம். பத்தையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்துச் செய்தால் தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம், ஒரு மூச்சு என்று வைத்தால் இடைவெளி தானாக அமையும்.

இழுக்கத் தெரியாத குழந்தைக்கு உறிஞ்சு குழலும் காகிதத் துண்டும் போதும். காகிதத்தை உறிஞ்சிப் பிடித்து, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். உறிஞ்சுவது, நிறுத்திப் பிடிப்பது இரண்டையும் இந்த விளையாட்டே கற்றுக்கொடுத்துவிடும்.

நாலைந்து வயதுக்குக் கீழே எந்த மாடலும் வீண். அவர்களுக்குச் சோப்புக் குமிழி, காகிதக் காற்றாடி நல்லது. நீளமாக ஊத வேண்டுமென்றால் முதலில் ஆழமாக இழுத்துத்தானே ஆக வேண்டும். சோப்புநீர் கட்டின்மேல் தெறிக்காமலும் தரையில் வழுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவி மட்டும் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். மேல் வயிற்று அறுவை பற்றி 2014இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, ஸ்பைரோமீட்டர் நுரையீரல் சிக்கல்களைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றே சொன்னது. இருமல், எழுந்து உட்காருதல், நடத்தல் ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் இதற்குப் பொருள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் தலையணையையோ துணிப் பொம்மையையோ தையலின்மேல் அணைத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி, இரண்டு முறை இருமச் சொல்லுங்கள். அணைத்துப் பிடித்தால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயமும் குறையும், வலியும் குறையும்.

எந்த அறுவைக்கு இது கூடாது என்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோதான் சொல்ல வேண்டும். முதல் முறை அவர்கள் முன்னால் செய்வதே சரி. மூச்சு வேகமாவது, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுப்பது, முனகலோடு மூச்சு விடுவது, உதடு நீலம் பூப்பது இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பு எளிது. வாய்த்துண்டைத் தினமும் வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவி உலர்த்த வேண்டும். கருவியின் உடலை நீரில் முக்க வேண்டாம், ஈரம் தங்கினால் பந்து ஒட்டிக்கொள்ளும். நன்றாக இழுத்தும் திடீரென்று எதுவும் எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது குழாய் மடிந்திருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்பதை. ஒரு கருவி ஒரு குழந்தைக்கு மட்டும். பக்கத்துக் கட்டில் குழந்தை ஆசையாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.