பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள்

மாடித்தோட்டத்துக்காக ஒரு தமிழ்த் தளத்தை 2008-இல் தொடங்கினேன். அலுவலகம் விட்டு வந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கணினியைத் திறந்து, உலாவியின் மேல் ஓரத்தில் இருந்த சின்னப் பச்சைப் பட்டையைப் பார்த்துவிடுவேன். ஒரு பக்கத்துக்கு கூகுள் போட்ட பேஜ்ரேங்க் என்ற மதிப்பெண் பத்துக்கு எத்தனை என்று, உலாவியில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பார் காட்டிய பட்டை அது. என் முகப்புப் பக்கத்துக்கு 2. நண்பர் ஒருவர் நடத்திய சமையல் தளத்துக்கு 4. பத்துக்கு நான்கு என்பது பெருமைப்படத்தக்க மதிப்பெண் இல்லைதான். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் அவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அந்த எண்ணைப் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணாக வாசித்தது என் முதல் தவறு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதும் ஆறிலிருந்து ஏழுக்குப் போவதும் ஒரே உயரப் படிகள் அல்ல. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பல மடங்கு உயரமாகும். எத்தனை மடங்கு என்பதை கூகுள் வெளியிடவே இல்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அந்த எண் எதை அளக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது உருவாக்கி, 1998-இல் கட்டுரையாக எழுதிய கணக்கு அது. பேஜ்ரேங்க் என்ற பெயரில் இருக்கும் ‘பேஜ்’, வலைப் பக்கத்தை மட்டுமல்ல, லாரி பேஜையும் குறிக்கிறது. ஒரு பக்கம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை அந்தக் கணக்கு வாக்காக எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லா வாக்குக்கும் ஒரே எடை இல்லை. கொடுக்கும் பக்கம் தன் மதிப்பில் 85 விழுக்காட்டை, தன்னிடமிருந்து வெளியே போகும் எல்லா இணைப்புகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும்.

இது எனக்கு உறைத்தது ஒரு சம்பவத்தில். பெரிய தளம் ஒன்றின் பக்கவாட்டுப் பட்டியலில் என் தளத்தின் பெயரைச் சேர்த்தார்கள். அன்று வீட்டில் பாயசம். பிறகு எண்ணிப் பார்த்தால் அந்தப் பட்டியலில் அறுபது பெயர்கள். பக்கத்தின் மதிப்பை 1 என்று வைத்துக்கொண்டால் என் பங்கு 0.85-ஐ அறுபதால் வகுத்தது, அதாவது 0.014. அதே மாதம் வேளாண் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் பாடக்குறிப்புப் பக்கத்தில் நான்கே இணைப்புகள் கொடுத்திருந்தார், அதில் ஒன்று எனக்கு. அவர் பக்கத்தின் மதிப்பும் 1 என்றால் என் பங்கு 0.21. பதினைந்து மடங்கு. அவருக்கு நான் ஒரு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை.

இவ்வளவு கணக்குக்கும் நடுவே, வாசகர் என்ன தேடுகிறார் என்ற கேள்வி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பேஜ்ரேங்க் தேடுசொல்லைப் பார்ப்பதில்லை. அதனால்தான் கறிவேப்பிலைச் செடி ஏன் வளரவில்லை என்று தேடினால் 2 வைத்திருந்த நான் மேலேயும் 4 வைத்திருந்த நண்பர் கீழேயும் வந்தோம். இதை அவருக்குத் திரையில் காட்டியபோது, பட்டை பழுதாகிவிட்டது என்றார்.

அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2011-இல் ‘மூன்று மாதத்தில் 5’ என்று உறுதி கொடுத்த ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது எதற்கு? எங்கெங்கோ இருந்த சூதாட்டத் தளங்களிலிருந்தும் மருந்து விற்கும் தளங்களிலிருந்தும் இணைப்புகள் வந்து குவிந்தன. பட்டை 3 ஆனது. 2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கை இணைப்புகளைக் குறிவைத்த மாற்றம் அது. அந்த வாரமே வருகை பாதிக்கும் கீழே போனது. வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லும் கருவியை அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தந்தது. ஒரு தீபாவளி விடுமுறை முழுவதும் அந்தப் பட்டியலைத் தயாரிப்பதிலேயே போயிற்று. இதில் வேடிக்கை, வருகை விழுந்த பிறகும் பட்டை 3-லேயே இருந்தது.

டூல்பாரில் தெரிந்த எண் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 2013 டிசம்பரில். 2016-இல் அதைக் காட்டுவதையே கூகுள் நிறுத்தியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல், நின்றுபோன கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான மற்ற அளவுகோல்களோடு பேஜ்ரேங்கையும் உள்ளே இன்னும் பயன்படுத்துவதாக 2017-இல் கூகுளின் கேரி இல்யெஸ் சொன்னார். நம் கண்ணுக்குத் தெரிவதுதான் நின்றது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வேறு எண்கள் வந்தன. மாஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங், இரண்டும் நூற்றுக்கு. அமேசானிடம் இருந்த அலெக்ஸா ரேங்க் வருகையை மதிப்பிட்டுச் சொன்னது. 2022 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள். இவற்றில் எதையும் கூகுள் கொடுப்பதில்லை, தன் வரிசையைத் தீர்மானிக்க எடுத்துக்கொள்வதும் இல்லை. முதல் இரண்டும், வலையைத் துழாவும் தன் சிலந்தி நிரல் கண்டெடுத்த இணைப்புகளை வைத்து அந்தந்த நிறுவனம் தன் சூத்திரப்படி போடும் மதிப்பீடு, அவ்வளவுதான். என் தளத்துக்கு ஓரிடத்தில் 14, இன்னோரிடத்தில் 6 என்று வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. தமிழில் தோட்டம் பற்றி எழுதும் நான்கைந்து தளங்களோடு ஒப்பிட்டால் 14 நல்ல எண். ஆங்கிலச் செய்தித் தளம் ஒன்றின் 90-உடன் ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வது வீண் வேலை. விளம்பரம் கொடுக்க வருபவர்கள் இந்த எண்ணைக் கேட்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்கிறேன்.

நான் இப்போது தினமும் திறப்பது, எந்தத் தேடுசொல்லுக்கு நம் பக்கம் எத்தனையாம் இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல். இலவசம், நம் சொந்தத் தளத்தின் விவரம், பதினாறு மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘சராசரி இடம்’ என்ற எண்ணைச் சொல்கிறேன்.

தக்காளி இலை சுருட்டிக்கொள்வது பற்றிய என் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். முதல் ஆண்டு ஒரே ஒரு தேடுசொல்லுக்கு நூறு முறை முடிவுகளில் வந்தது, ஒவ்வொரு முறையும் நான்காம் இடம். சராசரி 4. அடுத்த ஆண்டு அதே சொல்லுக்கு மூன்றாம் இடத்துக்கு ஏறியது. கூடவே, முன்பு எட்டிக்கூடப் பார்க்காத வேறொரு சொல்லுக்கும் நூறு முறை வந்தது, 35-ஆம் இடத்தில். இப்போது சராசரி 19. வரைபடம் மலையிலிருந்து உருண்டதுபோல இருக்கும். உண்மையில் பக்கம் இரண்டு விதத்திலும் முன்னேறியிருக்கிறது. முடிவுகளில் தலைகாட்டாத தேடல் சராசரியில் சேருவதே இல்லை, தலைகாட்டத் தொடங்கிய பிறகுதான் சேர்ந்து எண்ணைக் கெடுக்கிறது. இது தெரியாமல் நன்றாக இருந்த ஒரு கட்டுரையை இரண்டு முறை மாற்றி எழுதிக் கெடுத்தேன்.

ஆகவே மொத்தச் சராசரியை மறைத்துவிட்டு, தேடுசொல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். அங்கேதான் மனிதர்கள் தெரிகிறார்கள். தமிழ் எழுத்தில் தேடுபவர்களும், அதே கேள்வியை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடுபவர்களும் தனித்தனி வரிகளாக வருவார்கள். ஒரே பக்கம் ஒருவருக்கு மூன்றாம் இடத்திலும் மற்றவருக்கு இருபதிலும் இருக்கும். என் கைபேசியில் நானே தேடிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இருக்கும் இடத்துக்கும் ஏற்கெனவே தேடியதற்கும் ஏற்ப அது மாற்றிக் காட்டுவதால் அந்த இடத்தை நம்ப முடியாது.

போன மழைக்காலத்துக்கு முன்பு அந்தப் பட்டியலில் ஒரு வரி கண்ணில் பட்டது: மொட்டைமாடி எவ்வளவு பாரம் தாங்கும். என் தளத்தில் அதற்குப் பதில் இல்லை, தொட்டி வைக்கும் முறை பற்றிய பழைய பக்கம் ஒன்று 41-ஆம் இடத்தில் வந்துகொண்டிருந்தது. ஈர மண் நிறைந்த தொட்டியைத் தராசில் ஏற்றி எடை பார்த்து, கட்டடப் பொறியாளரான மைத்துனரிடம் நான்கு முறை திட்டு வாங்கி, ஒரு பக்கம் எழுதினேன். ஐந்து மாதம் ஆகிறது. அந்த வரி இப்போது 2-இல் இருக்கிறது. டொமைன் அத்தாரிட்டி அதே 14.