ஸ்டாஃபோர்டு மருத்துவமனை: வரவு செலவு பார்த்தார்கள், வார்டைப் பார்க்கவில்லை

இங்கிலாந்தில் இந்த மருத்துவமனையை நடத்திய அரசு மருத்துவ சேவை அமைப்பான மிட் ஸ்டாஃபோர்ட்ஷையர் டிரஸ்டின் நிர்வாகத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், ஐந்துக்கு ஒன்று. 2006-07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டினார்கள். ஏற்கெனவே செவிலியர் போதாத இடம் அது.

அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் அனுபவமுள்ள செவிலியர். அங்கே வரவேற்பு மேசை ஊழியர்களே அதைச் செய்தார்கள், மருத்துவப் பயிற்சி ஏதுமின்றி. இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்கள் இருந்தன. பயன்படுத்தத் தெரியாமல் அணைத்து வைத்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கு தவறக்கூடாதே என்று நோயாளிகளை அவசர அவசரமாகப் பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளியதும் நடந்தது.

மேற்பார்வைக்கு அந்த ஒன்றுகூடத் தர மனம் வரவில்லை. இறப்பு விகிதம் அதிகம் என்று 2007இலேயே எண்கள் காட்டின. நிர்வாகக் குழுவோ, நோயாளிகளின் நோயைப் பதிவேட்டில் குறியீடாகப் பதிந்ததில்தான் பிழை என்று சாதித்தது. 2008 பிப்ரவரியில் மானிட்டர் என்ற ஒழுங்குமுறை அமைப்பு டிரஸ்டுக்குத் தன்னாட்சித் தகுதி வழங்கியது. மறுமாதமே சிகிச்சைத் தரத்தைக் கண்காணிக்கும் ஹெல்த்கேர் கமிஷன் விசாரணையில் இறங்கியது. இடது கைக்கும் வலது கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை!

இதை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் தந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள். உருப்படியாகக் கிடைத்தது, தவறு நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லும் சட்டக் கடமை. அது நடைமுறைக்கு வந்த 2014 நவம்பரில் மருத்துவமனையே அந்த டிரஸ்டின் கையில் இல்லை.